இது தண்ணீர் இல்லை

அரிசிபாளையத்தில், ஜவ்வரிசி மூட்டை அடுக்கிய
கிடங்கின் மாடி.
வாடகை ஆளுக்குத் தொள்ளாயிரம், கரண்ட் பில் தனி.
பூட்டு ஒன்று, சாவி நாலு.
ஐந்தாவது சாவியை வெட்டிக்கொண்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில்
நான் போனேன்.

ஜெசிந்தா ஏற்காட்டிலிருந்து
இருபது வளைவு இறங்கி வந்திருந்தாள்,
காப்பித்தூள் பைக்குப் பச்சை அடிக்க.
மாதேஷ் கபடிக் குழுவின் பனியன்களைக்
குப்புறப் படுக்கவைத்திருந்தான்.
பெனாசிர் கொலுசுப் பெட்டிகளுக்கு
வெள்ளி மை கலக்கிக்கொண்டிருந்தாள்.
இங்கே யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை.
நோட்டில் பெயர் எழுதி நேரம் பிடிக்க வேண்டும்,
அவ்வளவுதான்.

படி ஏறிய தாகம்.
அலமாரியில் ஒரு சோடா பாட்டில்,
உள்ளே தெளிந்து கிடந்தது.
மூடியைத் திருகிவிட்டேன்.
உதடு வரை கொண்டுபோய்விட்டேன்.

"ஏய்!"

பெனாசிரின் குரல் முதலில் வந்ததா,
மூக்கில் அந்தக் காரம் முதலில் ஏறியதா,
இன்றுவரை தெரியவில்லை.
தின்னர்.

யார் ஊற்றி வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆளாளுக்குத் தம் நகக்கண்ணில் மையைத் தேடினார்கள்.
கீழே மாவு, மேலே தின்னர்,
நடுவில் ஒரு பலகைத் தளம்.
எக்சாஸ்ட் மட்டும் கடகடவென்று
தன் பாட்டுக்கு ஓடியது.

பகலில் எனக்குப் பல் டாக்டரிடம் வேலை.
ஊர் வாய்க்கெல்லாம் கையுறை மாட்டுகிறவள்
வெறுங்கையோடு வந்திருந்தேன்.
அடுத்த ஞாயிறு ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன்.
பத்து நிமிடத்தில் அதையும் தின்றது தின்னர்;
பெயரிலேயே சொல்லித்தான் இருக்கிறது.
கனத்த பச்சைக் கையுறைதான் தாங்கும் என்று
மாதேஷ் தன்னுடையதை நீட்டினான்.
"அந்த பாட்டில் நான் வெச்சதுதான்" என்றான்,
கையுறையிடம் சொல்வதுபோல.

முதலில் எதை அடிப்பது?
மயில், மாங்காய், என் பெயர்
என்றெல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.
லேபிள் அடித்தேன்.

மஞ்சள் பல்பு மட்டும் எரிய
எமல்ஷனை இழுத்துப் பூசி, காற்றாடி முன் காயவைத்து,
எழுத்துப் பிலிமை ஒட்டி, கண்ணாடி வைத்து மூடி
ஊதா விளக்கைப் போட்டேன்.
அதைப் பார்க்காதே என்றார்கள்.
சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து எண்ணினேன்,
நூற்றெண்பது வரை.
பல்லி நூற்றுப்பத்திலேயே போய்விட்டது.

வெளிச்சம் பட்டது இறுகும்.
கறுப்புக்கு அடியில் ஒளிந்தது மட்டும்
தண்ணீரில் கரைந்து வழிவிடும்.
நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்.
அதனால் டிரம்மில் அளந்துதான் அலசல்,
அதுவும் மிச்ச மையை வழித்து டப்பாவில் போட்ட பிறகு.
இங்கே ஊற்றினால் திருமணிமுத்தாற்றுக்குப் போகும்.
அதற்கு ஏற்கெனவே நிறம் போதும்.
துடைத்த துணி, மூடி போட்ட தகர டின்னுக்குள்.

சிவப்பு மை.
ஸ்க்வீஜியைச் சாய்த்து ஒரே மூச்சில் இழுத்தேன்.
பிரேமைத் தூக்கினால்
மூன்று வரியும் இடம் வலம் மாறி நிற்கின்றன.
பிலிமைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன்.
நடு வரி 'ர்' என்று தொடங்குகிறது.
மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது;
எட்டாம் வகுப்பில் அதற்காக
எனக்கு ஒரு மார்க் போயிருக்கிறது.
இதோ வந்து நிற்கிறது,
புள்ளியோடு, ஈரமாக.

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் மாதேஷின் கை நழுவி
ஒரு ரைடருக்கு ஏழாம் எண் கோணிப்போனது.

நேரான லேபிள்கள் மறுவாரம் வந்தன.
பதினேழு பாட்டில், ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம்.
தலைகீழானதை நான் கிழிக்கவில்லை.
கை கழுவும் இடத்தில்
கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது.
சோப்புப் போட்டு நிமிர்ந்தால்
தோளுக்குப் பின்னால் நின்று திருத்தமாகச் சொல்கிறது,

இது
தண்ணீர்
இல்லை

என்று. குழாய்க்கு அடியில்
கை நனைந்துகொண்டிருக்கும்.

குடிக்கிற குடம் இப்போது உள்ளே இல்லை,
மாடிப்படித் திருப்பத்தில்.
கையுறை கழற்றி, செருப்பு மாட்டி,
ஆறு படி இறங்கிப் போய்த்தான் குடிக்கிறோம்.
நான் இன்னும்
ஒருமுறை மோந்துபார்த்துவிட்டு.