மூன்று வினாடி

பந்து கையில் இருப்பவள்
ஓரடி நகரக்கூடாது.
வலைப்பந்தில் எனக்குப் பிடித்த சட்டம் அதுதான்.
மற்ற ஆறுபேரும் ஓடுவார்கள்.
அவள் மட்டும்
ஊன்றிய காலில் கிறுகிக் கிறுகி
எவளை மறிக்க ஆளில்லை என்று தேடவேண்டும்,
மூன்று வினாடிக்குள்.

சனிக்கிழமைப் பின்னேரம்
கல்லடிக் கடற்கரைப் பக்கம்
இதைச் சொல்லிக் கத்துவேன்.
புள்ளையள் கேட்பார்கள்.
திங்கட்கிழமை ஏழரைக்கு
ஏழாம் லைனில்
நாற்பத்திரண்டு மெசினுக்கு நான் சுப்பவைசர்.
அங்கேயும் கத்தினேன்.
ஒருத்தியும் நிமிரவில்லை.

முதல் மாதம்
விசில் ஒன்றுதான் குறை.
கொலர் வைக்கும் றிஸ்மியாவின் தோளுக்குமேல் குனிந்து
துணியைப் பறித்து
நானே தைத்துக் காட்டினேன்.
அவளுக்குப் பின்னால் கட்டுக்கட்டாய்த் துணி குவிந்தது.
அவளுக்கு முன்னால் ஐந்துபேர்
வேலை வரும்வரை
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பலகையில்,
பத்து மணி: தொண்ணூறுக்கு ஐம்பத்தெட்டு.

பந்தை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.
ஊத ஆளில்லை, அவ்வளவுதான்.

மறுகா ஒரு கிழமை
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
சும்மா நிற்பது லேசில்லை.
றிஸ்மியா இடக்கைக்காரி,
கத்தரி வலப்பக்கம் தொங்குகிறது.
கரடியனாற்றிலிருந்து நாலரைக்குப் புறப்படும் யோகமலருக்கு
ஒன்பது மணி தாண்டித்தான் கண் தெளிகிறது.
சுபோதினி நன்றாகத் தைப்பாள்,
மங்களேஸ் பக்கத்தில் இல்லாவிட்டால்.
இதெல்லாம் மைதானத்தில் என்றால்
முதல் பத்து நிமிடத்தில் கண்டிருப்பேன்.

கத்தரியை இடப்பக்கம் மாற்றிக் கட்டினேன்.
யோகமலருக்கு ஒன்பது வரை கை மடிப்பு,
பிறகுதான் பக்கத் தையல்.
சுபோதினியை இரண்டு மெசின் தள்ளி இருத்தினேன்.
பதினொரு மணிக்கு மூன்று நிமிடம் மெசினை நிறுத்தி
தோடம்பழம் பிளந்து கொடுத்தேன்.
கண்ணாடிக்கு அங்கால நின்று மனேஜர்
மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

நாற்பதாம் நாள்
பலகையில் தொண்ணூற்றொன்று.
கைதட்டினேன்.
என் கைச்சத்தம் மட்டும் கேட்டது.

மங்களேஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"மைதானத்துல வென்றா கப் வரும்கா.
இஞ்ச வென்றா
நாளைக்கு நூறு எண்டு எழுதுவாங்க."

மூன்று மணிக்கு மனேஜர் வந்தார்.
தொண்ணூறை விரலால் அழித்தார்.
நூற்றைந்து.

கோட்டுக்கு உள்ளே பயிற்றுநருக்கு இடமில்லை.
வெளியேதான் இடம்.
இத்தனை காலம் அதை
ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன்.

படி ஏறினேன்.
கண்ணாடி அறைக்குள் குளிர்.
கதிரையைக் காட்டினார், இருக்கவில்லை.
"ரெண்டு மாதத்துக்குத் தொண்ணூறுதான் சேர்.
அதுக்கு மேல ஒவ்வொரு சேட்டுக்கும்
லைனுக்குக் காசு."
கணக்கெழுதிய கொப்பித்தாளை மேசையில் வைத்தேன்.
பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.

கீழே லைன் ஓடிக்கொண்டிருந்தது,
நான் இல்லாமல்,
அதே வேகத்தில்.
றிஸ்மியாவின் இடக்கை கத்தரிக்குப் போய்
திரும்பியது.

பந்து இப்போது அவர் கையில்.

ஒன்று.

இரண்டு.