செப்டம்பர் சொன்ன கணக்கு

படிவத்தில் முதல் கட்டம் பெயர், அடுத்தது மாதம்.
இரண்டிலும் செப்டம்பர் என்றே எழுதினேன்.
டெல்மோ செப்டம்பர், வயது பத்தொன்பது, ஊர் ஹாஸ்டன்.
விலைக்கு வாங்கிய மாதத்தையே பெயராக வைத்துவிட்டுப் போனான்
எந்தக் காலத்திலோ ஓர் எசமான்.
இந்தக் கரையில் பாதித் தெரு நாள்காட்டிதான்.

இரவு இரண்டரை. மீன்வளத் துறைக் கிடங்கு.
மேசைமேல் நான்கு சாக்கு, ஒரு தராசு,
நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டரில் ஒரு பித்தளை வளையம்.
ஓடு இதற்குள் நுழைந்தால் குழந்தை.
முட்டி நின்றால் வயது வந்தது.
அந்த அகலத்துக்கு எட்டு ஒன்பது வருடம் பாறையைப் பிடித்திருக்க வேண்டும்.
சட்டம் அவ்வளவு எளிது,
ஓடு இருக்கிற வரை.

சாக்கில் ஓடு இல்லை.
நெம்பிய இடத்திலேயே சதையைப் பிடுங்கிக்கொண்டு
ஓட்டைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள்.
அபலோன் என்று பட்டியலில் இருக்கும்; நாங்கள் சொல்வது பெர்லமூன்.
மேசையில் கிடந்தவற்றுக்கு இரண்டு பெயரும் பொருந்தவில்லை.
அறுத்த நாக்குகளைப் போல இருந்தன,
வயதைக் கேட்டால் சொல்லாத நாக்குகள்.
இதன் ரத்தம் உறையாது.
படிவத்தின் ஓரத்தில் சோற்றுக் கஞ்சி நீலம்.

என் மைத்துனன் கொன்ராடிடம் காகிதம் இருக்கிறது,
வருடத்துக்கு நூற்றிருபது கிலோ.
டெல்மோவின் அப்பா மூன்று முறை விண்ணப்பித்தார்.
காகிதம் உள்ளவன் மீனவன், இல்லாதவன் திருடன்.
இருவருக்கும் முங்கும் உடை மட்டும் ஒன்று.
ஒன்று என்றால் ஒன்றேதான்,
இரவல் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

எண்ணினேன். முந்நூற்று எண்பது.
மறுபடி எண்ணினேன்.
கான்ஸ்டபிள் ஃபோர்ட்டெய்னின் சீட்டிலும் அதே முந்நூற்று எண்பது.
பெஞ்சிலிருந்து பையன் சிரித்தான்.
"நானூத்திப் பன்னெண்டு, ஆன்ட்டி. நான் எண்ணித்தான் கட்டினேன்."
ஃபோர்ட்டெய்ன் ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே அவர் வண்டி. வண்டிக்குள் ஐஸ் பெட்டி.
"ஆனா நீங்க குறைச்சே எழுதுங்க.
ஜட்ஜ் எண்ணிக்கைக்குத்தானே தண்டனை போடுவாரு."

குறைந்தால் அவனுக்கு நல்லது.
ஃபோர்ட்டெய்னுக்கு நல்லது.
எனக்கும், இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம்.
முப்பத்திரண்டு எங்கே என்று கேட்க
அந்த அறையில் யாரும் இல்லை.

எண்ணிக்கை: 380.
குறிப்பு: பிடிபட்டவர் சொல்வது 412.
அந்த ஒரு வரிக்கு
இருவரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.
"அதை அடிச்சிடுங்க ஆன்ட்டி" என்றான் பையன்,
கெஞ்சலாக இல்லை, எழுத்துப்பிழை சொல்வதுபோல.

நான்காவது சாக்கின் அடியில் ஏழு,
அவசரத்தில் உரிக்காமல் விட்டவை, ஓட்டோடு, உயிரோடு.
ஏழும் வளையத்துக்குள் நுழைந்தன.
உயிருள்ளதைக் கடலில் விட வேண்டும் என்று ஒரு விதி,
சாட்சியை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி.
படம் எடுத்துக்கொண்டு வாளியைத் தூக்கினேன்.

கீழே பாறையில் முன்பு கடல் முள்ளெலிகள் இருந்தன.
முள்ளுக்கு அடியில் குஞ்சுகள் ஒளிந்து வளரும்.
மேற்கிலிருந்து சிங்கி இறால் வந்து அவற்றைத் தின்று தீர்த்தது.
சிங்கி இறாலை உட்காரவைத்துக் கேட்க
எங்களிடம் படிவம் இல்லை.

ஆறு, கல்லைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டன.
ஏழாவது வாளியை விடவில்லை.
இழுத்தால் கிழியும்; கிழிந்தால் நிற்காது.
முழங்கால் அளவு குளிரில்
வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மேலே கிடங்கில் யாரோ விளக்கை அணைத்தார்கள்.
அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.