தேர்ச்சி விழுக்காடு

வேலூரிலிருந்து மெமோ வந்திருக்கிறது.
கணக்கில் எழுபத்து நாலுக்கு அறுபத்தொன்று,
போன வருஷத்தைவிடக் குறைவு,
மூன்று நாளில் விளக்கம் தருக.

வெள்ளைத்தாள் தேடி பீரோவைக் குடைந்தபோது
அடித்தட்டில் கையில் பட்டது
குடியாத்தம் போர்டு பள்ளிக்கூடத்தின்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷத்துச்
சேர்க்கைப் பதிவேடு.
உள்ளே மடித்து வைத்த ஒரு கேள்வித்தாள்:

முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐந்தணா ஒன்பது பைக்கு
நூற்றுக்கு ஆறேகால் வீதம்
இரண்டு வருஷம் ஏழு மாதத்துக்குக்
கூட்டு வட்டி காண்க.

நான் எம்.எஸ்ஸி. கணிதம்.
கால்குலேட்டரை எடுத்தேன்.
அணாவை அதற்குத் தெரியாது.

"பாத்தீங்களா டீச்சர்,
அந்தக் காலத்து எட்டாவது
இந்தக் காலத்து எம்.ஏ.ன்னு சும்மாவா சொன்னாங்க"
என்றார் ஜெயசிங் சார், வடையைப் பிட்டபடி.
மறுக்கத் தோன்றவில்லை.
ஒன்பதாம் வகுப்பு மோனிஷ்
நூற்று நாலை எட்டால் வகுக்கச் சொன்னால்
என் முகத்தைத்தான் பார்க்கிறான்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
சேர்ந்தவர்கள் நாற்பத்தாறு.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு, நீங்கிய காரணம்.
எத்திராஜுலு, தறி.
கன்னியப்பன், தறி. அவன் தம்பியும் தறி.
அப்துல் சுக்கூர், சம்பளம் கட்டவில்லை.
முத்து முத்தான கையெழுத்தில்
பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள்.
தறிக்குப் பத்தொன்பது, சம்பள பாக்கிக்கு ஒன்பது,
கோலார் தங்கவயலுக்கு ஆறு, காய்ச்சலுக்கு ஐந்து.
செங்கம்மாள், வயது பத்து, விவாகம்.
இருந்ததே அவள் ஒருத்திதான்.
மூன்று பேருக்குக் காரணமே எழுதவில்லை.
வசிக்கும் இடம் என்ற கட்டத்தில் மட்டும்
மூவருக்கும் ஒரே சொல்,
சேரி.

அந்த வட்டிக் கணக்கைப் போட உட்கார்ந்தவர்கள்
மிச்சமிருந்த மூன்று பேர்.
மூவரும் தேறினார்கள்.
தேர்ச்சி நூற்றுக்கு நூறு என்று
பச்சை மையில் எழுதி
இரண்டு கோடு போட்டிருக்கிறார் ஹெட்மாஸ்டர்.

தாளை எடுத்து எழுதினேன்:
ஐயா,
எங்களிடம் சேர்ந்த எழுபத்து நாலு பேரும்
பரீட்சை எழுதினார்கள்.

"இதுக்கு இன்னொரு மெமோ வரும்" என்றார் ஜெயசிங் சார்.
அதற்காக இல்லை, நானே அடித்துவிட்டேன்.
செங்கம்மாளின் பின்னால் ஒளிந்துகொண்டு
மோனிஷிடமிருந்து எத்தனை நாள் தப்பிப்பது?

நாலரை மணிக்கு அவனை நிறுத்திவைத்தேன்.
"தீப்பெட்டி ஒட்டணும் மிஸ், அம்மா திட்டும்."
இருபது நிமிஷம்தான் என்றேன்.
விரலை மடக்கினான், விரித்தான்,
பெஞ்சில் எச்சில் தொட்டு என்னமோ எழுதினான்.

"பன்னெண்டு மிஸ்.
மிச்சம் எட்டு."

விளக்கத்துக்கு
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.