ஏழு வயசுக்கு

மாரத்தஹள்ளி பொம்மைக்கடையில்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
எதை எடுத்தாலும்
அதன் அண்ணனோ தம்பியோ
யுவந்த்திடம் ஏற்கெனவே இருந்தது.
போன வருடம் நான் கொடுத்த ரயில்
இன்னும் அட்டைக்குள்ளேயே நிற்கிறதாம்.
பிரமிளா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வெறுங்கையோடு வெளியே வந்தால் மழை.
ஒதுங்கியது ஒரு ஹார்டுவேர் கடையில்.
ஆணி, தாழ்ப்பாள், டர்பன்டைன் வாசனை.
சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது.
கட்டைவிரல் பருமனில்
பித்தளைப் பூட்டு ஒன்று கேட்டேன்.
"பெட்டிக்கா, கதவுக்கா?" என்றார்.
"ஏழு வயசுக்கு" என்றேன்.
நூற்றி நாற்பது ரூபாய்.

பதினான்காம் மாடியில்
மேஜை தாங்காத பளபளப்புப் பொட்டலங்கள்.
என்னுடையது எங்கோ அடியில்.

நாலு நாள் கழித்து பிரமிளா கூப்பிட்டாள்.
கொண்டி வைத்த பெரிய பொம்மைப் பெட்டியைக்
கவிழ்த்து, அத்தனையையும்
கூடத்தில் கொட்டிவிட்டு,
காலிப் பெட்டியைப் பூட்டிவிட்டானாம்.
சாவி அரைஞாண் கயிற்றில்.

"உள்ள என்னடா வச்சிருக்க?"
"ஒண்ணும் இல்லம்மா."
"அப்புறம் எதுக்குடா பூட்டு?"
அதற்குப் பதில் இல்லையாம்.
ராத்திரி திறந்து பார்க்கிறான்,
மறுபடி பூட்டுகிறான்,
தூங்கிவிடுகிறான்.

டாக்டரிடம் காட்டணுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
கூடத்தில் கால் வைக்க இடமில்லை என்றாள்.
அதற்கு நான் என்ன சொல்ல.

தொலைத்துவிடுவான் என்று
அன்றைக்கே எடுத்துவைத்த இரண்டாவது சாவி
என் பர்ஸில்,
மெட்ரோ கார்டுக்குப் பின்னால் இருக்கிறது.
அதை மட்டும்
அவளிடம் சொல்லவில்லை.