பதினோரு யூனிட்

எங்கள் ஊர் ஆற்றுக்கு ஆசி என்று பெயர்.
எங்கள் மொழியில் அதற்கு
அடங்காதது என்று பொருள்.
பக்கத்து ஆறுகள் போகும் திசையில் அது போகாது.
அவ்வளவுதான் அதன் குற்றம்.
அன்று அது ஒன்றும் செய்யவில்லை.
நிலம்தான்.

நான் இல்ஹாமி. மின் நிறுவனத்தில்
மீட்டர் பார்க்கிறவன், பத்தொன்பது வருடம்.
முகம் மறந்துபோகும்,
எண் மறக்காது.
பாதாம் தெரு, குனெய் அடுக்ககம்,
ஆறு மாடி, இருபத்து நான்கு மீட்டர்.
டாக்டர் தஹ்சினின் மனைவி பிரிந்துபோனதை
அவர் தம்பிக்கும் முன்னால் அறிந்தவன் நான்:
இருநூறு ஓடிய இடத்தில் தொண்ணூறு.
பதினேழாம் வீட்டு ரெம்ஸி
கம்பளத்துக்கு அடியில் கம்பி இழுத்து
எதிர்வீட்டு மின்சாரத்தில் டீ போட்டான்.
தெரிந்தும் எழுதவில்லை.
எழுதியிருந்தால்
அந்த இரவு அவன் சிறையில் இருந்திருப்பான்,
உயிரோடு.

ஒன்பதாம் வீட்டுக்கு வருகிறேன்.
வராமல் எங்கே போக.

ஜுமாலி, டயர் கடையில் கூலி.
மூன்று மாத பாக்கி.
வெள்ளிக்கிழமை நான்தான் இணைப்பைத் துண்டித்தேன்.
மனைவி ஸெலிஹா வாசலில் நின்றாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.
திட்டு வாங்கிப் பழகிய எனக்கு
அந்த மௌனம் செரிக்கவில்லை.

ஞாயிறு, எனக்கு விடுமுறை.
வெளியே பனி கலந்த மழை.
குறடை எடுத்துக்கொண்டு போனேன்.
கதவோரம் இரண்டு பைகள் கட்டித் தயார்.
அதனாவில் மைத்துனன் வீடு, அங்கே ஹீட்டர் உண்டு,
ஆறு மணிப் பேருந்து என்றான் ஜுமாலி.
பிள்ளைகள் மூன்றும் கழுத்துவரை பொத்தான் போட்டு
வரிசையாய் உட்கார்ந்திருந்தன,
அனுப்பத் தயாரான பொட்டலங்கள் போல.

ஈய முத்திரையை அறுத்தேன்.
ரசீது இல்லாமல், அனுமதி இல்லாமல்.
விளக்கு எரிந்தது.
சின்னவன் கை தட்டினான்.
இறைவன் உன்னைப் பொருந்திக்கொள்ளட்டும்
என்றாள் ஸெலிஹா,
என்னைப் பார்த்துக்கொண்டே
சின்னவனின் பொத்தான்களைக்
கழற்றத் தொடங்கினாள்.
மேலிருந்து கீழே,
ஒவ்வொன்றாக.

நல்லது செய்தவன் நடக்கிற நடை
ஒன்று உண்டு.
அப்படித்தான் வீட்டுக்கு நடந்தேன்.

விடியுமுன்
ஆறு மாடியும் மடிந்து
ஒரு மாடி உயரம் ஆயிற்று.

ஏப்ரலில் உத்தரவு வந்தது:
இடிபாட்டிலிருந்து மீட்டர்களைச் சேகரிக்கவும்,
கருவிகள் நிறுவனத்தின் சொத்து.
இயந்திரம் ஓட்டும் பையன்
உருளைக்கிழங்கு மூட்டை போல இறக்கிக் கொடுத்தான்.
தூசு துடைத்து வரிசை எண் தேடினேன்.
ஒன்பதாம் வீட்டுப் பெட்டியில்
கண்ணாடிகூட உடையவில்லை.
நான் இணைத்தபோது இருந்த எண் எனக்குத் தெரியும்.
இப்போது இருந்த எண்ணையும் படித்தேன்.
கழித்தேன்.
பதினோரு யூனிட்.

ஹீட்டர் இரவு முழுக்க, எட்டு என்று வை.
மூன்று நாள் அழுக்கு, துணி இயந்திரம், ஒன்று.
மிச்சம் இரண்டு?
அடுப்பில் ஏதோ சுட்டிருக்கிறாள்.
இனிப்பாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம்.
மீட்டர் அதைச் சொல்லாது.
இத்தனை வருடத்தில் முதல் தடவை
அந்தக் கருவி மீது எனக்குக் கோபம் வந்தது.

கதகதப்பாகத் தூங்கினார்கள் என்று
சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.
சொல்லாதீர்கள்.
பேருந்து சரியாக ஆறு மணிக்குக் கிளம்பியது,
விசாரித்துவிட்டேன்.
ஐந்து இருக்கை காலியாகப் போயிருக்கிறது.

அலுவலகம் இப்போது ஒரு தகரக் கொள்கலன்.
பாக்கியோடு அந்தப் பதினோரு யூனிட்டுக்கும்
பணம் நீட்டினேன்.
இதெல்லாம் தள்ளுபடி ஆகிவிடும் அண்ணே
என்றாள் கவுண்டர் பெண்.
ஆகக் கூடாது என்றேன்.
அவள் படிவத்தைத் திருப்பி வைத்தாள்.
நுகர்வோருக்கு என்ன உறவு?

கட்டம் சின்னது.
மூன்று விரல் அகலம்.
பின்னால் வரிசை முனகியது.
மீட்டரின் எண்ணையே
மறுபடி ஒருமுறை எழுதிக் கொடுத்தேன்.