பதின்மூன்று நிமிடங்கள்

திராங்கித் தீவிலிருந்து கெய்லென் துறைக்கு
முன்பெல்லாம் பதினெட்டு நிமிடம்.
இப்போது முப்பத்தொன்று.
காஸ்த்ரோ போகும் ஏழு மணிப் பேருந்து
கடலில் என் புகையைப் பார்த்துக்கொண்டே
கிளம்பிவிடுகிறது.

மோட்டார் மூடியில் 40 என்று எழுதியிருந்தது, குதிரைத்திறன்.
உப்புக்காற்றில் பூஜ்யம் உரிந்து
நான்கு மட்டும் மிச்சம்.
பயணிகள் அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

எதெல்மீரா சிகுவாய் கையைத் துடைத்துக்கொண்டே
கேட்டாள்: எப்போதிலிருந்து?
டாக்டர் முன்னால்கூட நான் இப்படி விழித்ததில்லை.
குறைவது சொல்லிவிட்டா குறைகிறது?
ஒருநாள் அரை நிமிடம், அலை என்றேன்.
இன்னொரு நாள் ஒன்று, எதிர்காற்று என்றேன்.
எர்சிலியா டீச்சர் கனத்துவிட்டார் என்றுகூட
ஒரு வாரம் நினைத்திருக்கிறேன்.

படகைத் துறையில் கட்டி, மோட்டாரை ஓடவிட்டு,
ரப்பர் கையுறையோடு
முதல் பிளக்கின் வயரை உருவினாள்.
இருமிச் சரிந்தது. சொருகினாள், நிமிர்ந்தது.
இரண்டாவதை உருவினாள். அதே இருமல்.
மூன்றாவதை உருவினாள்.
ஒன்றுமே ஆகவில்லை.
அதே ஓசை, அதே நடுக்கம், அதே நீலப் புகை.
'இவன்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.'

எடுத்தாலும் தெரியாதவனை
இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.
எனக்கு மச்சான் எலியேசர் ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.
படகில் அவனுக்கும் கால் பங்கு உண்டு.

சிலிண்டர்களின் மூச்சை அளந்தாள்:
நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினான்கு.
நெஞ்சில் கோளாறில்லை, பட்டினிதான் என்றாள்.
மூன்றாவது கார்புரேட்டரைத் திறந்தால்
கிண்ணத்தின் அடியில் பச்சைப் பிசின்,
ஜெட்டில் வெளிச்சம் நுழையவில்லை.
அறுந்த கிட்டார் கம்பியால் குத்திக் குத்தி
கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.
ஊசிமுனை அளவுக்கு மேகம் தெரிந்தது.

மறுநாள் இருபத்தாறு நிமிடம்.

ஐந்து கிடைத்தது. எட்டைக் காணோம்.

எரிபொருள் குழாயை மாற்றிப் பார்த்தோம்.
புரொப்பெல்லரின் நடுக்குழியிலிருந்து இலைவரை
சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு கிழித்தாள்,
உள்ளே ரப்பர் வழுக்கினால் கோடு உடையும் என்று.
தீவுக்குப் போய்த் திரும்பினேன்.
கோடு கோணவில்லை.
அன்று நான் மோட்டாரை உதைத்தேன்.
அவள் பார்க்காதபோதுதான்.

பிறகு கடல் உள்வாங்கிய ஒரு மதியம்
படகு மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.
எதெல்மீரா மோட்டார் பக்கமே போகவில்லை.
தர்பூசணி வாங்குகிறவள்போல
முன்னாலிருந்து விரல் மடித்துத் தட்டிக்கொண்டே வந்தாள்.
டொக். டொக். டொக்.
கடைசிப் பலகைக்கு அருகே: தப்.
இன்னொரு தரம் தட்டினாள். தப்.

டிரில்லால் ஒரு துளை.
கறுத்த நீர், மூத்திரம்போல முதலில் வெட்கப்பட்டு
அப்புறம் நிற்காமல்.
மாத்தே போட்டுக் குடித்தோம், வடிந்தது.
மறுபடி கொதிக்கவைத்தோம், வடிந்தது.
அலை திரும்பி வரும்வரை பத்தொன்பது வாளி எண்ணினேன்.
இரண்டு தளங்களுக்கும் நடுவே உள்ள நுரை
இன்னும் பிடித்து வைத்திருப்பது தனி.

எத்தனை மழைக்காலமோ,
டிக்கெட் எடுக்காத மூன்று ஆட்கள்
என் காலடியில் படுத்தபடி வந்திருக்கிறார்கள்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
மோட்டாரின் உறையில் என் பூட்ஸ் தடம்
காய்ந்த சேறாக அப்படியே இருந்தது.
தோள் துணியால் துடைத்தேன்.
'இப்போது எதற்கு அது?' என்றாள்.
அழுக்கு என்றேன்.

நுரையை வெட்டி எடுக்க ஒன்பது நாள்.
இன்று காலை கடிகாரம் பார்த்தேன்: இருபது.
மீதி இரண்டு?
'அது அதனுடைய வயசு.
அதற்கு நான் காசு கேட்கவில்லையே.'

கெய்லெனில் பேருந்து இன்னும் வரவில்லை.
ஒதுங்கக் கூரையில்லாத நிறுத்தத்தில்
எல்லோரும் மழையில் நின்றோம்.
எர்சிலியா டீச்சர் குடையை உதறிவிட்டு
இவ்வளவு சீக்கிரம் யார் வரச் சொன்னது என்று
என்னைப் பார்த்துக் கேட்டார்.