வளர்ப்பு

ஒரு தாளில் அடங்காது பனைக் குடும்பம்.
நுனி, நடு, அடி என்று நறுக்கி
மூன்று தாள்களில் தைக்கிறேன்.
காம்பில் ஏறாமல் ஊசி முறிவது
வாரத்தில் இரண்டு நாளாவது நடக்கும்.

இன்றைய கட்டு சிவப்புக் கமுகு.
பேரினப் பெயருக்கு வளைந்த கதிர் என்று பொருள்.
வளைந்துதான் இருக்கிறது,
குழிகுழியாய் மொட்டு வைத்து,
காய்ந்தும் செங்கல் நிறம் விடாமல்.

ஏழு இனங்கள்.
ஆறு, நியூ கினியிலும்
அதற்குக் கிழக்கே சிதறிய தீவுகளிலும்.
ஒன்று மட்டும் இந்தப் பக்கம்:
சுமத்ரா, போர்னியோ, தீபகற்பம்,
கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும்
கரிச்சேற்றுக் காடுகள்.
நடுவில் சுலாவெசி. அங்கே ஒன்றுகூட இல்லை.
ஏன் என்று டாக்டர் ஹிதாயாவைக் கேட்டேன்.
கடல், என்றார்.
கடல் மட்டுமில்லை, என்றார்.
பிறகு தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

வரைபடத்தில் புள்ளி வைப்பதும் என் வேலை.
இந்தக் கட்டுக்குப் புள்ளி கிடையாது.
ஈசூன் கார் நிறுத்தத்தில், நூலக வாசலில்,
நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தில்
உதட்டுச் சாயம் பூசிய தண்டுகளோடு
தூர்தூராய் நிற்பவை எல்லாம் நட்டவை.
சீட்டில் ‘வளர்ப்பு’ என்று ஒரு சொல் எழுதுவேன்.
அது விழுந்துவிட்டால்
வரைபடம் அப்புறம் திரும்பிப் பார்க்காது.

கட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை.
ரஃபிகுல் கொடுத்தது,
புளோக்குகளுக்கு இடையே புல் வெட்டுபவர்.
சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில்
நின்றதாம்.
யாரும் நடவில்லை என்பதை
மூன்று மொழிகளில் சொன்னார்,
மூன்றிலும் பாதிப்பாதி.
மைனா எச்சமோ, மழைத்தண்ணீரோ.
பிடுங்கச் சொன்னார்கள், பிடுங்கினார்;
வேரை மட்டும் தன் கையுறை ஒன்றுக்குள்
ஈரமாய்ச் செருகியிருந்தார்.

இரண்டே இலை.
இதுவரை நான் தைத்தவற்றில்
ஒரே தாளில் முழுசாக அடங்கக்கூடிய
முதல் பனை.

எழுதத் தொடங்கினேன்.
இடம்: ஈசூன்.
வாழிடம்: சாக்கடை மூடி, நிழல், ஈரம் நிறைய.
சேகரித்தவர்: ரஃபிகுல்.
(முழுப் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.)
நிலை:

காட்டினமா, வளர்ப்பா.
கட்டம் இரண்டு சொல்லுக்குத்தான் இடம் தருகிறது.
அழுத்துபலகையின் திருகைத் தளர்த்தி வைத்தேன்,
மறுபடி இறுக்கினேன், உள்ளே எதுவும் வைக்காமல்.

ஐந்தரைக்கு விளக்கை அணைக்கும்போதும்
அந்தக் கட்டம் காலிதான்.
கையுறையோடு அதை என் கோப்பிக் குவளையில் இறக்கி
தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன்.
சேற்றுக்குப் பழகிய குடும்பம்.